வாடகை ஒப்பந்தமும் பள்ளி ஆண்டும்

ஒட்டன்சத்திரம் நகரிலும் சுற்றுப்புறத்திலும் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதத்துக்கே எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. கட்டணமும் அலைச்சலும் வேண்டாம் என்று ஒரு மாதத்தைக் குறைத்து எழுதினார்கள். அதுவே காலப்போக்கில் வழக்கமாகிவிட்டது. வாடகைக்கு வருபவர் தனியாளாகவோ புதுமணத் தம்பதியாகவோ இருந்தால் இதனால் பெரிய சேதம் இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள குடும்பத்துக்குத்தான் இந்தக் கணக்கு இடிக்கிறது.

பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். குடும்பங்களோ நல்ல மாதம் பார்த்தே வீடு மாறுகின்றன; தையும் ஆவணியும் அதற்கு உகந்தவை. தை பிறந்து ஜனவரி 20-ஆம் தேதி பால் காய்ச்சிக் குடிபுகும் குடும்பத்துக்குப் பதினோரு மாதம் டிசம்பர் 19-ல் முடிகிறது. அது மார்கழி, அரையாண்டுத் தேர்வு நேரமும்கூட. ஆவணியில், ஆகஸ்ட் 22-ல் குடிபுகுந்தால் ஒப்பந்தம் ஜூலை 21-ல் முடியும். அது ஆடி, பள்ளி திறந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருக்கும். மார்கழியிலும் ஆடியிலும் புது வீட்டில் பால் காய்ச்சப் பெரும்பாலான குடும்பங்கள் துணிவதில்லை. நல்ல மாதத்தில் எழுதிய ஒப்பந்தம் ஆகாத மாதத்தில் காலாவதியாகிறது. அந்த நேரத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டால் குடித்தனக்காரருக்கு மறுக்க வழியில்லை. வேறு வீடு பார்க்க மாதம் சரியில்லை, பிள்ளையின் பள்ளியும் நடுவில் நிற்கிறது. உரிமையாளர்களில் பலர் இதை எண்ணிச் செய்வதில்லை. ஒப்பந்தத்தின் தேதியே இந்த நெருக்கடியை உண்டாக்கிவிடுகிறது.

1981-க்கும் 1996-க்கும் இடையில் பிறந்தவர்களை மில்லெனியல் தலைமுறை என்று உலகெங்கும் குறிப்பிடுகிறார்கள். இன்று தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் மிகுதியானவர்கள் இவர்கள்தாம். ஒட்டன்சத்திரத்தில் இத்தலைமுறைக்கு வேலை கொடுப்பதில் முதலிடம் காய்கறிச் சந்தைக்கு. கேரளத்துக்குத் தக்காளியும் முருங்கையும் வெங்காயமும் ஏற்றி அனுப்பும் பெரிய சந்தை அது. கமிஷன் கடைக் கணக்கர், லோடுமேன், லாரி ஓட்டுநர், சாக்கு தைப்பவர், டீக்கடைக்காரர் எனப் பலருடைய பிழைப்பு அதைச் சுற்றியே இருக்கிறது. 1955-இல் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையின் செவிலியரும் ஊழியரும் உண்டு. 2021-இல் இந்து சமய அறநிலையத் துறை தொடங்கிய அருள்மிகு பழனியாண்டவர் கலை அறிவியல் கல்லூரி வந்தபின் ஆசிரியர்களும் மாணவர்களும் வீடும் அறையும் தேடுகிறார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வேன் ஏறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சந்தை வருமானம் நிலையானதன்று. ஓணத்துக்கு முன்னால் சரக்கு பறக்கும். கேரளத்தில் பெருமழை என்றால் லாரி நிற்கும். தக்காளி விலை விழுந்தால் லோடும் கூலியும் சேர்ந்தே குறையும். வாடகை மட்டும் மாதம் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தில் பிள்ளைக்குக் கட்டணம், வேன் வாடகை, மருந்து என்று ஒதுக்கிய பிறகு சொந்த வீட்டுக்குச் சேர்ப்பது எளிதன்று.

இவர்கள் ஏன் சொந்தமாகக் கட்டிக்கொள்ளவில்லை என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. முந்திய தலைமுறையில் பலர் மனையை நகைச் சீட்டு, நிலம் விற்ற பணம், பங்காளி உதவி என்று திரட்டி வாங்கி, அறை அறையாகப் பல ஆண்டு கட்டினார்கள். இன்று அந்த வழி மூன்று இடங்களில் அடைபட்டிருக்கிறது. முதலாவது மனை. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. விளைநிலம் கண்மூடித்தனமாக மனையாவதைத் தடுத்த நல்ல நடவடிக்கை அது. ஆனால் மலிவாகக் கிடைத்துவந்த மனைகள் பட்டியலிலிருந்து மறைந்தன; அங்கீகரித்த மனையில் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட இடத்தின் விலையும் சேர்ந்துகொள்கிறது. திண்டுக்கல், பழனி, தாராபுரம் சாலைகளை ஒட்டிய நிலத்துக்கு நான்கு வழிச் சாலைப் பணியும் விலை கூட்டியது.

இரண்டாவது பதிவுச் செலவு. 2023 ஏப்ரலில் அரசு வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம் அப்படியே இருக்கிறது. 8 லட்ச ரூபாய் மனைக்கு இரண்டும் சேர்ந்து 72,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை உண்டு, அப்போது 64,000.

மூன்றாவது கடன். கட்டுமானத்தைச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 700 சதுர அடிக்கு 14 லட்சம் ஆகும். மனையோடு 22 லட்சம். அதில் 15 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 13,000 ரூபாய். கடனைக் கட்டி முடிக்கும்போது கொடுத்த மொத்தம் 31 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மீதி 7 லட்சமும் பதிவுச் செலவும் கைப்பணம். வீடு எழும் மாதங்களில் வாடகையும் வட்டியும் ஒரே நேரத்தில் போகும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த பலருக்குத் தவணை ஏறாமல் தவணைக் காலம் பல ஆண்டு நீண்டது. 2025-இல் வட்டி படிப்படியாக இறங்கியது. ஆனாலும் சம்பளச் சீட்டு இல்லாத சந்தைத் தொழிலாளிக்கு வங்கிக் கதவு எளிதில் திறப்பதில்லை. வருமான வரிக் கணக்கு கேட்பார்கள், அது இருக்காது. கூடுதல் வட்டி வாங்கும் வீட்டுக்கடன் நிறுவனமே மிச்சம்.

அரசுத் திட்டங்களும் இவர்கள் பக்கம் அதிகம் வருவதில்லை. 2024-25-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. பயன்பெறுவோர் ஊரகத்தில் குடிசையில் வாழ்வோர், அதுவும் சொந்த இடமோ பட்டாவோ உள்ளவர்கள். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும் கிராமத்தில் வீடற்றோருக்கும் குடிசை வீட்டாருக்கும்தான். சொந்தக் கிராமத்தில் கூட்டுப் பட்டாவில் ஒரு பங்கு, பிழைப்பு ஒட்டன்சத்திரத்தில் என்று வாழும் குடும்பம் இரண்டிலும் சேராது. இதனால்தான் முப்பத்தைந்து, நாற்பது வயதிலும் லைன் வீட்டிலோ மாடிப் போர்ஷனிலோ பிள்ளைகளை வளர்க்கிறார்கள். வாடகை வீடு இவர்களுக்குச் சில ஆண்டுத் தங்கல் அன்று. பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுதும் அங்கேயே கழியக்கூடும்.

ஆண்டு நடுவில் வீடு மாறினால் பிள்ளைக்கு என்ன இழப்பு என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009, மாற்றுச் சான்றிதழை உடனே தரச் சொல்கிறது. சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கும். தனியார் பள்ளியில் கட்டிய கட்டணம் திரும்பாது. வேறு நிறத்தில் சீருடை, வேறு புத்தகம், வேறு வேன். இவை பணக் கணக்கு. அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் பெற்ற பிள்ளைக்கு இழப்பு இன்னும் பெரிது. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கே தமிழ்நாட்டில் அந்த இடம் கிடைக்கிறது; எல்.கே.ஜி.யிலோ முதல் வகுப்பிலோ ஒரு முறை கிடைத்தால் எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாமல் படிக்கலாம். அந்த இடம் குறிப்பிட்ட பள்ளிக்கு உரியது. ஊரின் மறுகோடிக்கு வீடு மாறி, அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப முடியாமல் போனால் பல ஆண்டுக் கல்வி கைவிட்டுப் போகிறது. விண்ணப்பிக்கும்போதே முகவரிச் சான்று வேண்டும். வாடகைக்கு எழுத்து ஒப்பந்தமே இல்லாத வீட்டில் இருப்பவர் ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பழைய முகவரியோடு நிற்கிறார். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தாலும் தாளில் அவர் வேறு ஊர்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வீட்டின் இருப்பிடம் முக்கியம். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு தொடங்கும் முன்பே சோறு போடுகிறது. இரவெல்லாம் லோடு ஏற்றிவிட்டு விடிகாலையில் வந்து படுத்த தகப்பன் எழும் முன், மில் வேனுக்குத் தாய் ஓடும் வேளையில், பிள்ளை தானாக நடந்து போய்ச் சாப்பிடும் தொலைவில் பள்ளி இருக்க வேண்டும். அத்தகைய வீட்டைக் கண்டுபிடித்த குடும்பம் அதைவிட்டு நகர விரும்பாததற்கு இதுவே காரணம். வீடு வசதியாக இருப்பதனால் மட்டும் அன்று.

வீடு மாறும் செலவையும் கூட்டிப் பார்க்கலாம். தரகருக்கு ஒரு மாத வாடகை. குட்டியானை வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி. பழைய வீட்டில் வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் தொகை. புது வீட்டுக்கு அட்வான்ஸ். ஐந்து மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இருக்கும் இடத்தில் 7,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு 70,000 ரூபாய் வரை முடங்கும். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் ஒத்தி முறையும் பரவலாக உள்ளது. மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது, வெளியேறும்போது வட்டியில்லாமல் திரும்பப் பெறுவது. மாதச் சுமை இல்லை என்பதால் பெற்றோருக்கு அது ஆறுதல்தான். ஆனால் பத்திரம் பதியாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதி, அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடனும் இருந்தால், மகளின் படிப்புக்கென்று சேர்த்த பணம் முழுதும் ஆபத்தில் இருக்கிறது. ஒத்திக்கு விடுபவர் வில்லங்கச் சான்றைத் தாமே எடுத்துக் காட்டிவிடுவது நேர்மையான முறை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழகத்தின் நகர்ப்புறங்களில் நடப்பில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். அதன்படி வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அந்த அதிகாரி, இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். ஆகப் பதினோரு மாதம் என்று எழுதினால் எந்தப் பதிவும் வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அதைத் திருப்பித் தர வேண்டும். வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளைத் துண்டிக்கக் கூடாது.

உரிமையாளர் பக்கத்துக்கும் இச்சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அது பரவலாக அறியப்படவில்லை. பழைய சட்டத்தில் குடிவந்தவரை எழுப்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியவர்களின் கதைகளைக் கேட்டே பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். புதிய சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, அறிவிப்புக் கொடுத்தும் கட்டாவிட்டால், அதுவே வெளியேற்றக் கோரக் காரணமாகும்; அதற்கெனத் தனி வாடகை நீதிமன்றம் உண்டு. எழுத்தில் எதுவும் இல்லாத உரிமையாளரின் நிலைதான் பலவீனமானது.

பதிந்தால் வருமான வரி வந்துவிடும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. மாதம் 8,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 96,000. சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். கணக்கில் வருவது 67,000 ரூபாய் அளவுதான். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் பொதுவாக 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வூதியர், விவசாயி, கடைக்காரர் ஆகியோரில் மிகப் பலருக்கு இந்த அச்சம் தேவையற்றது.

இனி மாற்றத்துக்கு வருவோம். வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் தொடங்கினாலும் மே 31-இல் முடியட்டும். தையில் குடிவருகிறவருக்கு முதல் ஒப்பந்தம் நாலரை மாதம். ஆவணியில் வருகிறவருக்கு ஒன்பது மாதம். அதன்பின் ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை பன்னிரண்டு மாதம். சரியாக ஓராண்டு என்பது ஓராண்டுக்கு மேற்பட்டது ஆகாது. ஆகவே பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பற்றிய பழைய கவலைக்கும் இடமில்லை. வாடகையை உயர்த்த விரும்புகிறவர் பிப்ரவரி இறுதிக்குள் எழுதிக் கொடுத்துவிடலாம். சட்டம் சொல்லும் மூன்று மாதம் சரியாக அமையும். மகன் திருமணத்துக்கோ ஊர் திரும்பும் தம்பிக்கோ வீடு தேவைப்பட்டாலும் அதே பிப்ரவரியில் சொல்லலாம். ஏப்ரலில் தேர்வு முடிந்து, மே விடுமுறையில் வீடு மாறி, ஜூனில் புதுப் பள்ளியில் பிள்ளை முதல் நாளே எல்லோரோடும் உட்காரும்.

இதில் உரிமையாளருக்கு நட்டம் உண்டா? மார்கழியில் காலியாகும் வீடு தை பிறக்கும் வரை பூட்டிக் கிடக்கும். ஆடியில் காலியானால் ஆவணி வரை. மே மாதத்தில் காலியாகும் வீட்டுக்கோ ஆள் காத்திருக்கிறது. ஆசிரியர் பணிமாறுதல், கல்லூரிச் சேர்க்கை, பிள்ளையின் பள்ளிக்கருகே வீடு தேடும் குடும்பங்கள் என எல்லாம் சேர்ந்து வரும் மாதம் அது. ஆண்டுக்கொருமுறை ஆள் மாறும் வீட்டுக்கு வெள்ளையடிப்பும் குழாய் பழுதும் பூட்டு மாற்றமும் ஓயாது. ஐந்தாண்டு ஒரே குடும்பம் இருந்தால் அச்செலவு மிச்சம். பிள்ளை ஊன்றிப் படிக்கும் குடும்பம் வாடகையைத் தவறவிட அஞ்சும், ஏனெனில் இழக்க அவர்களுக்கு ஒன்று இருக்கிறது.

ஒப்பந்தக் காலத்தின் முடிவே குடியை எழுப்பப் போதுமான காரணம் என்ற எண்ணத்தை வேறு நாடுகளும் கைவிட்டு வருகின்றன. ஜெர்மனியில் வாடகை ஒப்பந்தம் பொதுவாகக் காலவரம்பற்றது. காலம் குறிக்க வேண்டுமானால் உரிமையாளர் சட்டம் ஏற்கும் காரணத்தை எழுதித் தர வேண்டும். இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் முறையை நீக்க 2025-இல் சட்டம் இயற்றினார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. முடிவுத் தேதியை நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று மின் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் மூன்று குடும்பமும் அந்த 100 யூனிட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டி உயர்ந்த கட்டணப் பட்டியலுக்கும் போய்விடுகிறது. தனி மீட்டர் வைத்துக் கொடுத்தால் வாடகையில் ஒரு ரூபாய் குறையாமலே குடும்பத்துக்குப் பணம் மிஞ்சும். பரப்பலாறு அணைத் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை எப்போது ஓட்டுவது, அதன் மின்கட்டணம் யாருடையது என்பதையும் எழுதிவிட்டால் கோடையில் சண்டை வராது.

மற்றொன்று கதவு. இரவு பத்து மணிக்கு வெளிக் கேட்டைப் பூட்டும் வழக்கம் பல வளவுகளில் இருக்கிறது. சந்தையில் லோடு முடிந்து நள்ளிரவில் வரும் ஆளுக்கு மாற்றுச் சாவி இல்லையென்றால் மனைவி எழுந்து வர வேண்டும்; அந்தச் சத்தத்தில் பிள்ளையும் விழித்துக்கொள்ளும். நேரங்கெட்ட நேரத்தில் வருகிறார்கள் என்பதற்காகச் சந்தைக்காரருக்கு வீடு இல்லை என்று சொல்வதும் நடக்கிறது. இந்த ஊரின் கடைவீதியும் வாடகை வருமானமும் சந்தையால்தான் வளர்ந்தவை. அந்தத் தொழிலின் நேரத்துக்கு ஏற்ற ஒரு சாவியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தங்களுக்குப் புதிதாகப் பேச்சு எதுவும் தேவையில்லை. முடியும் தேதியிலிருந்து அடுத்து வரும் மே 31 வரை, அதே வாடகைக்கு ஒரு நீட்டிப்பு எழுதினால் போதும். அந்த நீட்டிப்பை வாடகை அதிகாரியிடம் பதிந்து ஒரு நகலைக் குடித்தனக்காரரிடம் கொடுத்துவிட்டால், கோடையில் பள்ளிச் சேர்க்கைக்கும் ரேஷன் அட்டை முகவரி மாற்றத்துக்கும் அந்தத் தாளே உதவும்.